ஏடு இருந்தும் பண் இல்லை

சிதம்பரம் தில்லைக் கோயிலில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. உள்ளே சம்பந்தர் உள்ளிட்ட மூவர் பாடிய பதிகங்கள் ஏடுகளாக அடுக்கியிருந்தன. கதவில் அந்த மூவரின் கையடையாளம். பாடியவர்களே வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள் தீட்சிதர்கள். திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியோடு வந்திருந்த சோழ மன்னன், மூவரின் திருவுருவங்களை உலாவாகக் கொண்டுவந்து அறைமுன் நிறுத்தினான். கதவு திறந்தது. ஏடுகளைக் கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்து எடுத்தபோது தப்பியது கொஞ்சம், அழிந்தது மிகுதி. இப்படிச் சொல்கிறது திருமுறைகண்ட புராணம். அதைச் செய்தவர் சிதம்பரத்துக் கொற்றவன்குடி உமாபதி சிவாச்சாரியார் என்பது மரபு. மன்னன் முதலாம் இராசராசன் என்பது பலர் கருத்து.

கதையின் பின்பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஏடுகள் கைக்கு வந்துவிட்டன, எழுத்துகளைப் படிக்க முடிந்தது, நம்பி அவற்றைத் திருமுறைகளாக வகுத்தும் விட்டார். எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் எடுப்பது என்பது மட்டும் தெரியவில்லை. சம்பந்தரோடு தலம் தலமாகப் போய் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர் திருஎருக்கத்தம்புலியூர்; விருத்தாசலம் பக்கம் இன்று இராஜேந்திரப்பட்டினம் என்று வழங்கும் ஊர். அங்கே அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அழைத்துவந்து, அவர் பாடிக் காட்டிய பிறகுதான் பதிகங்கள் மறுபடி பாட்டாயின.

வரலாற்று ஆய்வாளர்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. இராசராசனுக்கு முன்பே கோயில்களில் பதிகம் பாட ஆள் அமர்த்திய கல்வெட்டுகள் உண்டு. ஆனால் கதைக்குள் இருக்கும் சிக்கல் கற்பனையில்லை. பிரதி முழுதாகக் கையில் இருக்கும்; அதைத் தொடங்கிவைக்கும் அறிவு பிரதிக்கு வெளியே, வேறு எங்கோ, வேறு யாரிடமோ இருக்கும். திருநாரையூரும் சிதம்பரமும் எருக்கத்தம்புலியூரும் இன்று கடலூர் மாவட்டத்துக்குள் வருகின்றன. அதே மாவட்டத்தின் பள்ளிகளிலும் வீடுகளிலும் ஆயிரம் ஆண்டுகள் கழித்து இந்தச் சிக்கல் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயரில் திரும்பி வந்தது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் பக்கம் தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாவட்டம் மாவட்டமாகக் கணினிகள் போயின. மூடியில் முதல்வரின் படம். உள்ளே ஒரே ஹார்டு டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்கள்: ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், மற்றது பாஸ் லினக்ஸ். பவர் பட்டனை அழுத்தினால் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் காட்டியது கிரப் என்ற சின்ன மென்பொருள். தமிழ்நாட்டில் லினக்ஸ் இத்தனை வீடுகளுக்குள் ஒரே வீச்சில் நுழைந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் குறைந்த விலைக் கணினிகளுக்கென்று வெட்டிச் சுருக்கிய பதிப்பு. அதில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கணினி கிடைத்தால் முதலில் செய்ய நினைப்பது அதைத்தான். திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் மேலவீதியிலோ ஒரு சர்வீஸ் கடைக்குப் போனால் ‘அல்டிமேட்’ போட்டுத் தருவார்கள். உரிமம் யாருடையது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்திருந்தால் லினக்ஸ் அங்கேயே முடிந்தது. சி டிரைவை மட்டும் அழித்துவிட்டு விண்டோஸை ஏற்றியிருந்தால் நடந்தது விசித்திரம். பாஸ் லினக்ஸின் ஒரு கோப்புகூடக் குறையவில்லை. ஆனால் கணினி அதை மறந்துவிட்டது. விண்டோஸின் நிறுவி, டிஸ்க்கின் முதல் துண்டில் இருந்த கிரப்பின் குறிப்பை அழித்துத் தன் குறிப்பை எழுதிவிட்டிருந்தது. டிஸ்க்கின் ஒரு பகுதியில் லினக்ஸ் முழு உடலோடு படுத்திருக்க, அதை எழுப்பக் கூப்பிடும் குரல் இல்லாமல் போனது.

அந்த முதல் துண்டின் அளவு 512 பைட். 1983-இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியோடும் டாஸ் 2.0-ஓடும் வந்த ஏற்பாடு அது. 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணைக்கு, கடைசி இரண்டு பைட் முத்திரைக்கு. ஒரு சில குறுஞ்செய்திகளின் அளவுக்குள் கணினியின் விழிப்பு அடங்கியிருந்தது. பின்னால் வந்த முப்பதாண்டுத் தொல்லைகளில் பாதிக்கு வேர் இந்த நெருக்கடிதான்.

மடிக்கணினிக்கு முன்பே அரசு அலுவலகங்களில் லினக்ஸ் காலூன்றியிருந்தது. 1977-இல் தொடங்கிய தமிழ்நாடு மின்னணுக் கழகம், அதாவது எல்காட், 2006-க்குப் பிறகு தன் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றத் தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் அப்போதைய நிர்வாக இயக்குநர் சி. உமாசங்கர். அதிகாரிகளின் மேசைக் கணினியிலிருந்தே மாற்றத்தைத் தொடங்கியது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே காலத்தில் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் இயங்கும் அரசு லினக்ஸ் என்பது அதன் அடையாளம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தவிருந்தபோது, துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியது.

ஒரு மாநிலத்தின் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் இயங்குதளத்தை ஏற்ற, ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து நிறுவிக்கொண்டிருக்க முடியாது. ஒன்றைச் சரியாக அமைத்து, அதன் டிஸ்க்கை அப்படியே இமேஜ் என்ற நகலாக எடுத்து, மற்றவற்றில் இறக்குவதே வழி. தொழிற்சாலையிலும் அதுதான், பள்ளி லேபிலும் அதுதான்.

இந்த நகல் தொழிலுக்குத் தனி வரலாறு உண்டு. யுனிக்ஸில் 1970-களிலேயே டிடி என்ற கட்டளை இருந்தது. முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எதையும் கேள்வி கேட்காமல் பெயர்த்து எழுதும். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றி அடித்துவிட்டால், வெற்று டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின்மேல் அதே சிரத்தையோடு எழுதிவிடும். 1990-களின் நடுவில் நியூசிலாந்தின் பைனரி ரிசர்ச் நிறுவனத்தில் மர்ரே ஹாசார்ட் கோஸ்ட் என்ற மென்பொருளை உருவாக்கினார். 1998-இல் சைமன்டெக் அதை வாங்கியது. கணினிக் கடைகளில் ‘கோஸ்ட் போடுவது’ என்றால் நகலெடுப்பது என்ற பொருள் வந்தது இதனால்தான். கட்டணமில்லாத மாற்று தைவானிலிருந்து வந்தது. அந்நாட்டின் உயர்திறன் கணிப்பு மையத்தில் ஸ்டீவன் ஷியாவ் தலைமையில் உருவான குளோன்சில்லா, ஒரு லேபில் உள்ள எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் வலைப்பின்னல் வழியாக இமேஜை ஒலிபரப்பும். டிஸ்க்கின் வெற்றிடத்தை விட்டுவிட்டு நிரம்பிய இடத்தை மட்டும் எடுப்பதால் நேரமும் மிச்சம்.

கடலூர் மாவட்டத்தில் இந்த நகலுக்குத் தேவை அடிக்கடி வந்ததற்கு மின்சாரமும் ஒரு காரணம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, மின்கம்பங்களைப் பரப்பிப் போட்டது. பல ஊர்களுக்கு வெளிச்சம் திரும்ப வாரங்கள் ஆயின. 2012-இல் சென்னைக்கு வெளியே பல நாள்கள் பத்து மணி நேரத்தைத் தாண்டிய மின்வெட்டு. ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமை குலையும். யூபிஎஸ் பேட்டரி வலுவிழந்த லேபில் ஒரே நொடியில் எல்லாக் கணினிகளுக்கும் அந்த நிலை. அப்படிக் குலைந்த கணினியை உட்கார்ந்து சீர்படுத்துவதைவிட, வைத்திருக்கும் இமேஜைத் திரும்ப இறக்குவது விரைவு.

இறக்கினால் நூறு சதவீதம் முடிந்தது என்று திரையில் வரும். மறுதொடக்கம் செய்தால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மின்னும். எழுதியது சரியா என்று பார்த்தால் சரியாகவே இருக்கும். பிறகு ஏன் எழவில்லை? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை அறிவித்த பின் முதல் பத்தாண்டில் அதை எழுப்பியது லிலோ. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. லிலோவுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்தத் துண்டுகளில் கிடக்கிறது என்ற முகவரிகளை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் படியெடுத்தால் கெர்னல் வேறு துண்டுகளில் போய் உட்காரும். லிலோ பழைய முகவரியிலேயே தட்டும். பழுதைச் சொல்ல அதற்கு ஒரு சுருக்கமான முறை இருந்தது. ஒவ்வொரு படியாகக் கடக்கும்போது தன் பெயரின் ஒவ்வோர் எழுத்தை அச்சிடும். நான்கு எழுத்தும் வந்தால் நலம். இரண்டோடு நின்றால் இரண்டாம் கட்டம் ஏறியும் ஓடவில்லை. மூன்றோடு நின்றால் முகவரிக் கோப்பைப் படிக்க முடியவில்லை. பழுது பார்ப்பவர் திரையில் பாதிப் பெயரைப் பார்த்தே நோயைச் சொன்னார். மருந்து எளிது: மீட்பு வட்டிலிருந்து கணினியை எழுப்பி, லிலோவை மறுபடி ஓடவிட்டு, முகவரிகளைப் புதிதாகக் குறித்துக்கொள்ளச் செய்வது.

கிரப் இந்தக் குருட்டுத்தனத்தைத் தீர்க்க வந்தது. 1995-இல் எரிக் போலின் அதைத் தொடங்கியது லினக்ஸுக்காகக்கூட இல்லை. குனு திட்டத்தின் ஹர்டு என்ற கெர்னலை எழுப்புவதற்காக. அது கோப்பு முறைமையைப் படிக்கத் தெரிந்தது; கெர்னல் எங்கே நகர்ந்தாலும் பெயர் சொல்லித் தேடும். ஆனால் அந்த அறிவு 446 பைட்டில் அடங்காது. அதனால் முதல் துண்டுக்கும் முதல் பார்ட்டிஷன் என்ற பிரிவுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளியில் தன் உடலின் ஒரு பகுதியை ஒளித்து வைத்தது. பார்ட்டிஷனை மட்டும் இமேஜ் எடுத்தவர்கள் அந்த இடைவெளியை எடுக்கவில்லை. புதிய டிஸ்க்கில் இறக்கியபோது முதல் துண்டும் இல்லை, இடைவெளியில் இருந்ததும் இல்லை. கிரப்பின் அடுத்த தலைமுறை பாதி எழுந்து நின்றால் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு வரி காட்டிக் காத்திருக்கும். அந்த வரிக்கு முன் உட்கார்ந்து, எந்தப் பார்ட்டிஷனில் இயங்குதளத்தின் வேர் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் தட்டச்சு செய்தவர்கள் ஒரு தலைமுறை.

அடுத்த குழப்பம் பெயரில் வந்தது. பட்டைக் கம்பியில் இணைந்த பழைய டிஸ்க்கை லினக்ஸ் எச்டிஏ என்று அழைத்தது. சாட்டா டிஸ்க்கை எஸ்டிஏ என்று அழைத்தது. 2006, 2007 வாக்கில் கெர்னலின் புதிய இயக்கி வந்ததும் இரண்டுமே எஸ்டிஏ ஆயின. பழைய பள்ளிக் கணினியில் எடுத்த இமேஜில் ‘எச்டிஏ ஒன்றில் வேர் இருக்கிறது’ என்று எழுதியிருக்கும். புதிய கணினியில் அந்தப் பெயரில் எவரும் இல்லை. கெர்னல் ஏறும், வேரைத் தேடும், கிடைக்காமல் ‘கெர்னல் பேனிக்’ என்று நின்றுவிடும். இதற்குத் தீர்வாக லினக்ஸ் விநியோகங்கள் டிஸ்க்கை இடத்தைக் கொண்டு அழைப்பதை விட்டு, அடையாள எண்ணைக் கொண்டு அழைக்கத் தொடங்கின. யூயூஐடி என்ற 36 குறிகள் நீளமுள்ள அந்த எண், கோப்பு முறைமை உருவாகும்போதே பிறக்கிறது. உபுண்டு 2006 அக்டோபர் வெளியீட்டிலேயே இதற்கு மாறிவிட்டது.

யூயூஐடி ஒரு சிக்கலைத் தீர்த்து இரண்டைப் பெற்றது. புதிய டிஸ்க்கில் பார்ட்டிஷனைப் புதிதாக உருவாக்கிக் கோப்புகளை மட்டும் ஊற்றினால், எண் மாறிவிடும். எஃப்எஸ்டேப் என்ற அட்டவணையிலும் கிரப்பின் பட்டியலிலும் பழைய எண் நிற்கும். ‘இந்த எண்ணில் எதுவும் இல்லை’ என்று அறிவித்துவிட்டு, கணினி இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கூடத்திலேயே நின்றுவிடும். மறுபுறம், பைட் பைட்டாக நகலெடுத்தால் எண்ணும் நகலாகும். மூல டிஸ்க்கையும் நகல் டிஸ்க்கையும் ஒரே கணினியில் மாட்டினால் எது எதுவென்று கெர்னலுக்கே தெரியாது. எக்ஸ்எஃப்எஸ் முறைமை இரண்டாவதை ஏற்றவே மறுக்கும். எக்ஸ்டி4 மறுக்காது, சில நேரம் மூலத்தின் தொடக்க நிரல் நகலின் வேரைப் பிடித்துக்கொண்டு எழும். மாற்றங்கள் எந்த டிஸ்க்கில் பதிந்தன என்று பிறகு தேட வேண்டியிருக்கும். ஆகவே நகல் முடிந்ததும் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை எழுப்பிப் பார்ப்பது இந்தத் தொழிலின் எழுதாத விதி.

எண்ணெல்லாம் சரியாக இருந்தும் எழாத கணினிகள் உண்டு. கெர்னலோடு சேர்ந்து ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கூடத்தில், டிஸ்க்கைப் பிடிக்கத் தேவையான இயக்கிகள் இருக்கும். டெபியன் வழி வந்தவை வழக்கமாகப் பெரும்பாலான இயக்கிகளையும் சேர்த்தே கட்டும். ரெட்ஹேட் வழி வந்தவை பெரும்பாலும் அந்தந்தக் கணினிக்கு வேண்டியதை மட்டும் வைத்துக் கட்டும். வேகமாக எழுவதற்கு அது உதவும். அப்படிக் கட்டியதை வேறு பலகை உள்ள கணினிக்கு மாற்றினால், கையில் டிஸ்க் இருந்தும் அதைத் திறக்க இயக்கி இல்லை. மடிக்கணினிகளில் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் அமைப்பில் ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டிய இடத்தில் ரெய்டு என்று இருந்தாலும் இதே விளைவுதான்.

எழுந்த பிறகும் சில பழுதுகள் மெல்லத்தான் தெரியும். பழைய ஸ்வாப் பகுதியின் எண்ணை எஃப்எஸ்டேப்பில் விட்டுவைத்தால், தொடங்கும்போது கணினி அதற்காக ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். வலைப்பின்னல் அட்டையின் முகவரியை ஒரு கோப்பில் எழுதிவைத்துப் பெயர் சூட்டிய காலத்தில், இமேஜ் இறங்கிய ஒவ்வொரு கணினியும் தன் அட்டையை ‘ஈத் 0’ என்று அழைக்காமல் ‘ஈத் 1’ என்று அழைத்தது. இணையம் வராத காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு லேப் முழுக்க ஒரே இமேஜ் என்றால் ஒரே கணினிப் பெயர், ஒரே மெஷின் ஐடி, ஒரே எஸ்எஸ்எச் சாவி. சில அமைப்புகளில் மெஷின் ஐடியைப் பார்த்தே ஐபி முகவரி கொடுக்கப்படுவதால், இரண்டு கணினிகள் ஒரே முகவரிக்கு அடித்துக்கொள்ளும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்ததோடு பயாஸ் காலம் முடியத் தொடங்கியது. இண்டெல் தன் ஐட்டேனியம் கணினிகளுக்காக உருவாக்கிய முறை, 2005-இல் அமைந்த கூட்டமைப்பின் வழியாக யூஇஎஃப்ஐ ஆகி, கடைகளில் விற்கும் மடிக்கணினிகளுக்கு வந்தது. இதில் தொடக்க நிரலை ஒளித்து வைக்க வேண்டியதில்லை. அதற்கென்று ஃபேட் முறைமையில் இஎஃப்ஐ என்ற தனிப் பார்ட்டிஷன் உண்டு. ஆனால் எந்தக் கோப்பை எழுப்ப வேண்டும் என்ற குறிப்பு இப்போது டிஸ்க்கிலேயே இல்லை. மதர்போர்டில் ஒட்டியிருக்கும் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க்கை எவ்வளவு கவனமாக நகலெடுத்தாலும் அந்தக் குறிப்பு நகலில் வராது. புதிய போர்டுக்குப் பழைய டிஸ்க் அந்நியம். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் ‘பூட்’ என்ற பொதுப் பெயரில் ஒரு கோப்பு இருந்தால் மட்டும் போர்டு அதைத் தானாக எடுத்து ஓட்டும்; டெபியனில் கிரப்பை நிறுவும்போது அப்படி ஒரு கூடுதல் படியை வைக்கவா என்று கேட்பது இதற்காகத்தான். குளோன்சில்லாவும் இமேஜை இறக்கியபின் கிரப்பை மறுபடி நிறுவி, போர்டின் குறிப்பையும் புதுப்பிக்கத் தானே முயன்று பார்க்கும்.

இத்தனை பழுதுகளுக்கும் பழுது பார்ப்பவர் கையில் இருப்பது ஒரே வரிசையான வேலைதான். முதலில் பென்டிரைவில் இருக்கும் லைவ் லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்ப வேண்டும். டிஸ்க் யூஇஎஃப்ஐ முறையில் அமைந்திருந்தால் பென்டிரைவும் அதே முறையில் எழ வேண்டும். பிளாக்ஐடி கட்டளையால் எண்களைப் பார்த்துக்கொண்டு, வேர்ப் பார்ட்டிஷனை ஓரிடத்தில் ஏற்றி, இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அதன் இடத்தில் ஏற்ற வேண்டும். டெவ், பிராக், சிஸ் என்ற மூன்று அடைவுகளையும் அதனோடு பிணைத்துவிட்டு, சிரூட் கட்டளையால் உள்ளே நுழைய வேண்டும். இப்போது ஓடிக்கொண்டிருப்பது பென்டிரைவின் கெர்னல். கால் வைத்திருப்பதோ எழாத டிஸ்க்கின் உள்ளே. அங்கிருந்து எஃப்எஸ்டேப்பில் எண்களைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டி, கிரப்பை நிறுவி, அதன் பட்டியலை எழுதவைத்து வெளியே வர வேண்டும். தெரிந்தவருக்குக் கால் மணி நேரம். தெரியாதவருக்கு மறுபடி ஃபார்மட்.

தெரிந்தவர் எண்ணிக்கைதான் இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் உள்ள வேறுபாடு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பள்ளிகளுக்கென்று தனி லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியது. பாடம், தேர்வு, ஆசிரியர் பயிற்சி மூன்றையும் அதன்மேல் கட்டியது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பயிற்றுநர்கள் இருந்தார்கள். ஆசிரியர்களில் பலர் தாங்களே இயங்குதளம் நிறுவப் பழகினார்கள். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கணினி அறிவியல் புத்தகம் 2005 முதல் ஸ்டார் ஆஃபீஸைக் கற்றுத் தந்தது. அது கட்டற்ற மென்பொருள் உலகத்தின் வாசல்தான். ஆனால் மாணவர் கையில் பாஸ் லினக்ஸ் இருந்த ஆண்டுகளில் அதைப் பற்றிப் பாடம் இல்லை. 2018-இல் புதிய பதினோராம் வகுப்புப் புத்தகம் வந்தபோதுதான் விண்டோஸோடு உபுண்டுவும் பாடத்தில் ஏறியது. முதல் மடிக்கணினி கொடுத்து ஏழு ஆண்டுகள் கழித்து.

அந்த இடைவெளியைத் தன்னார்வலர்கள் நிரப்ப முயன்றார்கள். 1990-களின் இறுதியிலேயே சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூடத் தொடங்கியிருந்தது. 2012-இல் வெளிவரத் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டளைகளையும் நிறுவும் முறைகளையும் தமிழில் எழுதியது. அதில் து. நித்யா எழுதிய எளிய தமிழில் லினக்ஸ் தொடர் பின்னர் மின்னூலாகவும் பரவியது. கடலூருக்குப் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு வார இறுதிகளில் வகுப்பு எடுத்தது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தவர் நிறுவல் முகாம்கள் நடத்தினார்கள். 1929-இல் நிறுவப்பட்டு, 1979 முதல் தொலைதூரக் கல்வியும் தந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தில் கணினி படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைத்தெருவுக்கு வந்த மடிக்கணினியை எழுப்புவது பட்டத்தோடு வரும் அறிவு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகுவது.

இப்போது கடைத்தெருவின் நிலைமை மறுபடி மாறிவிட்டது. 2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டுக்கொள்வோர் பெருகுகிறார்கள். புதிய கணினிகளில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் என்விஎம்இ அட்டை இருக்கிறது. அதன் பெயர் எஸ்டிஏ இல்லை. பெயரை நம்பி எழுதிய பழைய குறிப்புகள் மறுபடி பொய்க்கின்றன. செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு, கையெழுத்திடப்படாத தொடக்க நிரலை வாசலிலேயே தடுக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் மறையாக்கச் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு. லிலோ காலம் முதல் யூஇஎஃப்ஐ காலம் வரை, எழாத டிஸ்க்கின் உள்ளடக்கத்தைப் பென்டிரைவிலிருந்து எப்போதும் படிக்க முடிந்தது. தொடக்கம் மட்டுமே வெளியே தங்கியிருந்தது. விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகள் பல கணினிகளில் டிஸ்க்கைத் தாமாகவே மறையாக்கம் செய்துவிடுகின்றன. லினக்ஸிலும் லக்ஸ் மறையாக்கத்தின் சாவியை அதே சில்லில் பூட்டிவைக்கலாம். அந்தச் சில்லு மதர்போர்டோடு போய்விடும். போர்டு பழுதாகி, டிஸ்க்கின் நகலை வேறு கணினியில் இறக்கினால், வருவது படிக்க முடியாத பைட்டுகளின் குவியல். அதனால் சிதம்பரத்திலோ கடலூரிலோ எழாத மடிக்கணினியோடு கடைக்கு வருபவரிடம் மேசைக்குப் பின்னால் இருப்பவர் இப்போது முதலில் கேட்பது யூயூஐடியையும் இல்லை, பென்டிரைவையும் இல்லை. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்கத்தின் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாரா என்றுதான்.